வெங்காயத் தோட்டமும் ரேம் அட்டையும்

கேள்வி: கணக்காளர் அலுவலகம் ஒன்று நடத்துகிறேன். 2025 ஜூனில் எட்டுக் கணினிகளுக்கு 16 ஜிபி ரேம் போட விலை கேட்டேன். வருட முடிவில் பார்ப்போம் என்று தள்ளிவைத்தேன். இப்போது அதே கடையில் இரண்டு மடங்குக்கும் மேல் சொல்கிறார்கள். அதுவும் கொட்டேஷனின் அடியில் ‘இந்த விலை இன்றைக்கு மட்டும்’ என்று எழுதித் தருகிறார்கள். இது என்ன கொள்ளை? எப்போது இறங்கும்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் என் அப்பாவின் தோட்டத்துக்கு ஒருக்கா வந்துவிட்டுப் போங்கள் ஐயா. உரும்பிராயில் எங்களுக்கு ஆறு பரப்புச் செம்மண் இருந்தது. சின்ன வெங்காயம் நட்டால் அறுபது எழுபது நாளில் பிடுங்கலாம். ஒரு போகம் நல்ல விலை போனால், அடுத்த போகம் புகையிலைக்காரரும் மிளகாய்க்காரரும் வெங்காயம்தான் நடுவார்கள். ஊர் முழுக்க ஒரே கிழமையில் பிடுங்கி, ஒரே கிழமையில் லொறி ஏற்றி, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் கொண்டுபோய் இறக்கினால் லொறிக்கூலிக்கும் காணாது. “இனி இந்தச் சனியனைத் தொடமாட்டேன்” என்பார் அப்பா. பக்கத்துத் தோட்டக்காரரும் அதையேதான் சொல்வார். அதனால் அடுத்த போகம் வெங்காயம் குறையும், விலை ஏறும், அப்பா மறுபடி விதை வெங்காயம் தேடிப் போவார்.

கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரிதான் ரேம். அதுவும் இதே பயிர்தான். போகம் மட்டும் நீளம். ஒரு மெமரி ஆலை கட்டி முடிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும், செலவு 10 பில்லியன் டொலருக்கு மேல் போகும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகும், ஒரு சிலிக்கன் தட்டு உள்ளே போய்ச் சிப்பாக வெளியே வர மூன்று மாதம் எடுக்கும். விலை உச்சத்தில் இருக்கும்போது ‘கட்டுவோம்’ என்று முடிவெடுப்பார்கள். கட்டி முடியும்போது பக்கத்துக்காரரும் கட்டி முடித்திருப்பார். அப்பாவால் ஒரு போகம் நிலத்தைச் சும்மா போட முடிந்தது. ஆலைக்காரரால் அது லேசில் முடியாது. சிப் விற்றாலும் விற்காவிட்டாலும் இயந்திரக் கடன் ஓடும். நட்டத்துக்கு விற்பது மூடி வைப்பதை விட மேல் என்று தொடர்ந்து செய்துகொண்டே இருப்பார்கள், விலை இன்னும் விழும்.

கடைசியாக விழுந்தது 2022, 2023 காலத்தில். கொரோனாவுக்கு வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் கணினி வாங்கி முடித்துவிட்டார்கள், சாமான் தேங்கியது. 2023 ஒரு வருடத்தில் மட்டும் சாம்சங்கின் சிப் பிரிவு ஏறத்தாழ 15 டிரில்லியன் வொன் நட்டப்பட்டது. ஏப்ரலில் ‘உற்பத்தியைக் குறைக்கிறோம்’ என்று அவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள். அமெரிக்க மெமரிக் கொம்பனி மைக்ரோனுக்கும் அந்த நிதியாண்டில் 5.8 பில்லியன் டொலர் நட்டம். அந்தக் காலத்தில் நடாமல் விட்ட வெங்காயத்தைத்தான் நீங்கள் இப்போது தேடுகிறீர்கள்.

இத்தோடு செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்தது. அதற்கென்று என்விடியா செய்யும் பெரிய சிப்புகளுக்குப் பக்கத்தில் எச்பிஎம் என்று ஒரு மெமரி இருக்கும். மெமரிச் சிப்புகளைத் தோசை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது. ஒரே அளவு மெமரிக்கு, உங்கள் கணினியில் போடும் டிடிஆர்5 எடுக்கும் சிலிக்கனைப்போல இது சுமார் மூன்று மடங்கு எடுக்கும் என்று மைக்ரோனே சொல்லியிருக்கிறது. ஆலை அதேதான், தட்டு அதேதான். அதிக விலை தருபவருக்கு முதல் பந்தி போட்டால் நமக்குக் கடைசிப் பந்திதான். 2025 டிசம்பரில் மைக்ரோன், நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்ற தன்னுடைய குரூஷல் என்ற பெயரையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 1996இலிருந்து இருந்த பெயர். எங்கள் கடையில் அந்தப் பெட்டி இல்லாத நாள் எனக்கு நினைவில் இல்லை.

‘இன்றைக்கு மட்டும்’ என்று எழுதித் தந்த கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கு மொத்த வியாபாரி காலையில் வட்ஸ்அப்பில் ஒரு விலை அனுப்புகிறார், பின்னேரம் ‘அது பழசு’ என்கிறார். உங்களுக்குப் பழைய விலையில் விற்றால், அந்தக் காசுக்கு அவரால் அதே சாமானைத் திரும்ப எடுக்க முடியாது.

எப்போது இறங்கும்? திகதி சொல்லமாட்டேன். திகதி சொன்ன பலரை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவன் நானே. புதிய ஆலைகள் எழும்புகின்றன. மைக்ரோன் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டுகிறது, எஸ்கே ஹைனிக்ஸ் தென்கொரியாவின் யொங்கினில் கட்டுகிறது. அவற்றிலிருந்து சாமான் வர 2027ஐத் தொடும். சீனாவின் சாங்சின் மெமரியும் வளர்ந்து வருகிறது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எட்டையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். எக்ஸெல் திறந்தால் எழும்பிப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரவேண்டிய கணினிகள் எவை என்று உங்கள் அலுவலகப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுக்கு இன்றைய விலையிலேயே போடுங்கள். மற்றவை ஓடட்டும்.

கேள்வி: மகன் பல்கலைக்கழகம் போகிறான், கணினி பொருத்திக் கேட்கிறான். ரேம் விலை ஏறி இறங்கும் என்றால் புரொசசரும் அப்படித்தானே? கொஞ்ச நாள் பொறுத்தால் இரண்டும் மலியுமா?
ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை அக்கா. ரேம் வெங்காயம் என்றால், கணினியின் மூளையான புரொசசர் பஸ் டிக்கெட். விலையைப் போடுபவர் ஒருவர், நாம் ஏறுவதா விடுவதா என்பதுதான் நம் கையில்.

ரேமில் யாருடைய சரக்கும் ஒன்றுதான். கிங்ஸ்டன் என்று பெயர் ஒட்டிய அட்டையின் மேல் உள்ள கறுப்புச் சில்லுகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், பல தடவை ஹைனிக்ஸ் என்றோ மைக்ரோன் என்றோ இருக்கும். வகை ஒன்றாக இருந்தால் யாருடையதைப் போட்டாலும் கணினி ஓடும். அதனால்தான் அதற்குத் தினசரிச் சந்தை விலை ஒன்று உண்டு. புரொசசர் அப்படியில்லை. எல்லாப் பாகங்களையும் பொருத்தும் மதர்போர்டு இன்டெல்லுக்கு வேறு, ஏஎம்டிக்கு வேறு. இன்டெல் போர்டில் ஏஎம்டி உட்காராது, ஏஎம்டி போர்டில் இன்டெல் உட்காராது. இரண்டே பேர் விலைப்பட்டியல் போடுகிறார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் பட்டியலை ஏற்றி வைப்பார்.

தூங்கி எழும்பினால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 சாட்சி. அதுவரை சாதாரண மேசைக் கணினிக்கு இன்டெல் நான்கு கோர் தாண்டவே இல்லை. கோர் என்பது புரொசசருக்குள் இருக்கும் ஒரு வேலையாள் மாதிரி. எட்டுக் கோர் வேண்டுமென்றால் 1,089 டொலருக்கு ஒரு புரொசசர் வைத்திருந்தது. மார்ச்சில் ஏஎம்டி ரைசன் வந்தது, எட்டுக் கோர் 499 டொலர். ஒக்டோபரிலேயே இன்டெல் சாதாரண வரிசையில் ஆறு கோர் கொண்டுவந்தது. பத்து வருடம் முடியாது என்றிருந்தது ஏழு மாதத்தில் முடிந்தது! கடையில் நின்ற எங்களுக்குச் சிரிப்புத்தான்.

ஆகவே புரொசசர் மலிவது, புதுத் தலைமுறை வந்து பழசைக் கடைக்காரர் தள்ளிவிட வேண்டி வரும்போதுதான். வெளியான நாளில் எதையும் வாங்காதீர்கள். போன தலைமுறையில் நடுத்தர வகை ஒன்று போதும்.

மகனிடம் ஒரு விஷயம் கட்டாயம் கேளுங்கள். வீட்டில் பழைய கணினி இருக்கிறதா, அதில் டிடிஆர்5க்கு முந்திய தலைமுறையான டிடிஆர்4 ரேம் இருக்கிறதா என்று. ரேம் அட்டையின் தங்க நிறப் பற்களுக்கு நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் அந்த வெட்டு வெவ்வேறு இடத்தில். ஒன்றை மற்றதன் துளையில் அழுத்தினால் ஏறாது, பலம் போட்டால் உடையும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு இரண்டு வகை மதர்போர்டும் வருகின்றன. ஏஎம்டியில் ஏஎம்4 போர்டு என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். ரேம் விலை தலைக்கு மேல் போன இந்த நேரத்தில், கையிலுள்ள பழைய டிடிஆர்4ஐ வைத்துக்கொண்டு அதற்கேற்ற போர்டும் புரொசசரும் எடுப்பதுதான் கெட்டித்தனம். யூடியூப்பில் பார்த்துவிட்டு மகன் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும்.

கேள்வி: விலை ஏறிக்கொண்டே போகிறது. கையில் கொஞ்சக் காசு இருக்கிறது. ஐம்பது ரேம் வாங்கி வைத்துப் பிறகு விற்றால் என்ன?
இளைஞர், தெஹிவளை

பதில்: தம்பி, என் வீட்டுக் குசினி லாச்சியில் தீப்பெட்டிக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் அந்தக் காலத்து ரேமான 128 எம்பி எஸ்டிரேம் அட்டை ஒன்று கிடக்கிறது. நான் ஏதாவது புது யோசனை சொல்லும்போதெல்லாம் என் மனைவி வாயைத் திறக்கமாட்டா. அந்த லாச்சியை மட்டும் கொஞ்சம் இழுத்துவிடுவா.

1999 செப்டெம்பர் 21 அதிகாலையில் தாய்வானில் பெரிய நிலநடுக்கம். சிஞ்சு நகரத்துச் சிப் ஆலைகளில் மின்சாரம் நின்றது. நான் அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்றேன். இங்கே விலை சில நாளில் துள்ளியது. இருந்த சரக்கை முதலாளி மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார், இரண்டு கிழமையில் நல்ல லாபம் பார்த்தார். அதைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? 2000இன் நடுப்பகுதியில் மறுபடி விலை ஏறத் தொடங்கியதும், சீட்டுக் காசை எடுத்து எண்பது அட்டை வாங்கினேன். ஒன்று பத்தாயிரத்துக்குக் கிட்ட. பழைய பிஸ்கட் தகரத்தில் பஞ்சு வைத்து அடுக்கி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

இணையத்தை நம்பித் தொடங்கிய டொட்கொம் கொம்பனிகள் ஒவ்வொன்றாக விழுந்ததும் எனக்கு விளங்கவில்லை. அது அமெரிக்காக்காரன் பிரச்சினை என்றிருந்தேன். 2001இல் விலை மாதாமாதம் சரிந்தது. ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று ஒவ்வொரு மாதமும் பார்த்தேன். தீபாவளிக்கு முதல்கிழமை கடைசி அட்டைகளை இரண்டாயிரத்துக்கும் கீழே கொடுத்தேன். வாங்கியவர், “அண்ணை, ஒன்று கூடப் போடுங்கோவன்” என்று வேறு கேட்டார். போட்டேன்.

வெங்காயம் அழுகும், அதனால் தோட்டக்காரன் பயந்து விற்றுவிடுவான். ரேம் அழுகாது. அதுதான் ஆபத்து. தகரத்துக்குள் புதுசு போலவே மினுங்கிக்கொண்டிருக்கும், உள்ளே விலை அழுகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. இந்தச் சந்தையில் சாமான் குறைவதை விடப் பயம்தான் விலையை அதிகம் ஏற்றும். 1993 ஜூலையில் யப்பானின் நீகாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை ஒன்று வெடித்தது. சிப்பை மூடி அடைக்கும் பிசினுக்கு வேண்டிய ஒரு மூலப்பொருளில் உலகத் தேவையின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. ஒரு சிப் ஆலைக்குக்கூட சேதமில்லை. ஆனாலும் ரேம் விலை எகிறியது. மற்ற ஆலைகள் பிசினைக் கொடுக்கத் தொடங்கியதும் அடங்கியது. உச்சியில் வாங்கியவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. என்னைப் பற்றியும் யாரும் எழுதவில்லை, அதனால்தான் நானே எழுதுகிறேன்.

உனக்கு நாளைக்கு வேண்டிய இரண்டு அட்டையை இன்றைக்கு வாங்கு, தப்பில்லை. ஐம்பது வேண்டாம்.

கேள்வி: 2022இல் உலகச் சந்தையில் மெமரி விலை விழுகிறது என்று செய்தி வந்தது. அப்போதுதான் நான் மகளுக்கு லப்டொப் வாங்க அலைந்தேன். கொழும்பில் விலை ஏறிக்கொண்டே இருந்தது. செய்தி பொய்யா?
வாசகர், வத்தளை

பதில்: செய்தி உண்மை. நம் ரூபா அதைச் சாப்பிட்டுவிட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அமெரிக்காவில் 50 டொலருக்கு விற்றது 35க்கு இறங்கியதென்று வையுங்கள். இங்கே பத்தாயிரமாக இருந்தது 12,600 ஆகிறது. அதுவும் சாமான் வந்தால்தான். இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதமான எல்சி திறக்க வங்கியில் டொலர் இல்லை, கொள்கலன் துறைமுகத்திலேயே கிடந்தது. அந்த மாதங்களில் நாங்கள் பழைய கணினிகளைக் கழற்றித்தான் வியாபாரம் செய்தோம். பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே ஒரு வாடிக்கையாளருக்கு ரேம் அட்டையைக் கையில் கொடுத்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் வற் வரி. 2022இல் 8 இலிருந்து 12, பிறகு 15. 2024 ஜனவரியிலிருந்து 18.

ஆகவே உலக விலை இறங்கியதும் இங்கே இறங்கும் என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் பழைய விலைச் சரக்கை விற்று முடிக்கும் வரை இன்னும் இரண்டு மூன்று மாதம் பிந்தும். ஏறும்போது மட்டும் அந்தப் பிந்தல் கிடையாது. இதில் எங்கள் ஆட்கள் நேர்மை என்று நான் வாதாட வரவில்லை.

கேள்வி: உலகத்துக்கே ரேம் செய்வது மூன்று கொம்பனி என்று பேரன் சொல்கிறான். மூவரும் பேசி வைத்து விலையை ஏற்றுகிறார்கள் போல இருக்கிறதே?
ஓய்வுபெற்ற ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: பேரன் சொல்வது சரிதான் டீச்சர். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூவரும் சேர்ந்து கணினி மெமரிச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வைத்திருக்கிறார்கள். முன்பு பலர் இருந்தார்கள். ஒவ்வொரு வீழ்ச்சியிலும் சிலர் உதிர்ந்தார்கள். மெமரியில் பிறந்து வளர்ந்த இன்டெல்லே யப்பானியரோடு முட்ட முடியாமல் 1985இல் ரேமை விட்டுப் புரொசசர் பக்கம் போனது. அந்த யப்பானியரில் மிஞ்சியது எல்பிடா, அதுவும் 2012இல் வங்குரோத்தாகி மைக்ரோன் கைக்குப் போனது. ஜெர்மனியின் கிமொண்டா 2009 தொடக்கத்திலேயே விழுந்தது.

பேசி வைத்தார்களா என்றால், ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். 1999 முதல் 2002 வரை விலையைக் கூட்டாக நிர்ணயித்ததாக அமெரிக்க நீதித் திணைக்களத்தின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சாம்சங் 300 மில்லியன் டொலர், ஹைனிக்ஸ் 185, ஜெர்மனியின் இன்ஃபினியன் 160 என்று அபராதம் கட்டினார்கள். சில அதிகாரிகள் சிறைக்கும் போனார்கள். மைக்ரோன் முந்திக்கொண்டு விசாரணைக்கு ஒத்துழைத்ததால் அபராதத்திலிருந்து தப்பியது. வகுப்பில் முதலில் ஓடிவந்து கோள் சொல்லும் பிள்ளையைப் போல.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் எண்பது அட்டை வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். அவர்கள் கூடிப் பேசியும் 2001இல் விலை விழத்தான் செய்தது. இன்றைக்குப் பேசி வைக்கிறார்கள் என்று எழுத என்னிடம் சாட்சி இல்லை. பேசாமலே வேலை நடக்கிறது என்பதுதான் என் எண்ணம். மூன்று பேர் மட்டும் இருக்கும் சந்தையில், 2023இல் சூடுபட்ட மூவரும் யாரும் சொல்லாமலே நிதானமாகத்தான் நடுவார்கள்.

கேள்வி: லப்டொப்பில் 4 ஜிபிதான் இருக்கிறது. ஏ.எல். வகுப்பை சூமில் பார்க்கும்போது திணறுகிறது. அண்ணாவின் மேசைக் கணினியில் இருந்து ரேமைக் கழற்றிப் போடலாமா?
மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: போட முடியாது தங்கச்சி. லப்டொப் ரேம் நீளத்தில் பாதிதான் இருக்கும். பயன்படுத்திய 8 ஜிபி ஒன்று தேடு, புதுசு இப்போது உனக்கு வேண்டாம். கடையிலேயே போட்டு, மெமரி சோதனை ஒன்றை ஓடவிட்டு, பிழை வராவிட்டால் மட்டும் காசைக் கொடு. ஒரு கிழமைக்காவது மாற்றித் தருவதாக எழுதி வாங்கு. அதற்கும் முதல் அடிப்பக்கத் தகட்டைத் திறந்து பார்க்கச் சொல். சில மெல்லிய லப்டொப்புகளில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், அப்படியென்றால் அதற்கு ஒரு சதமும் செலவழிக்காமல் குரோமில் திறந்து வைத்திருக்கும் அந்த முப்பது டாப்பையும் மூடு.